ஆறு மைலுக்குள் பிறந்தவள்

1

இது கதையாக இருந்திருக்க வேண்டியதில்லை. கட்டுரையாகத்தான் பிறந்தது.

எங்கள் ஊர் ஒன்றியத்தின் ரொறன்ரோக் கிளை ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒரு மண்டபம் எடுத்து இராப்போசன விருந்து வைக்கும். விருந்தில் ஒரு மலர் வெளியிடும். மலரில் வாழ்த்துரைகள் இருக்கும், வீடு விற்கும் முகவர்களின் படங்கள் இருக்கும், அந்த வருடம் காலமானவர்களின் படங்கள் இருக்கும், இவற்றுக்கு நடுவில் யாரும் வாசிக்காத ஒன்றிரண்டு கட்டுரைகளும் இருக்கும். இந்த வருடம் விளையாட்டுச் சிறப்பிதழ். 'உதைபந்தாட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று மூன்று பக்கம் எழுதித் தரும்படி தலைவர் ஸ்ரீதரன் அங்கிள் என்னிடம் கேட்டார். எனக்குத் தமிழ் எழுத வரும் என்பது ஒரு காரணம். நான் எதிர்த்துக் கதைக்கமாட்டேன் என்பது மற்றக் காரணம்.

எழுதினேன். பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு நூலகத்தில் இருக்க நேரத்துக்குப் பஞ்சமில்லை. சரியாக மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மலர் வந்தபோது என் கட்டுரை இரண்டு பக்கமாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் கோட் போட்ட ஒருவர், வீடு வாங்கவோ விற்கவோ தன்னை அழைக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கட்டுரையின் கடைசி வசனம் இப்படி இருந்தது: 'இவ்வாறாக உதைபந்தாட்டம் உலகெங்கும் பரவி, சகல மக்களையும் ஒன்றிணைத்தது.'

அந்த வசனம் என்னுடையதல்ல. அதற்குக் கீழே போட்டிருந்த பெயர் மட்டும் என்னுடையது.

அவர்கள் வெட்டிய பக்கம்தான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது. கோபம் நிறைய இடம் பிடிக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னரே சீனத்துப் போர்வீரர்கள் தோற்பந்து ஒன்றைக் காலால்

இல்லை. மலரில் இப்படித்தான் தொடங்கினேன். அதை அவர்கள் வெட்டவில்லை. வெட்டாத எதையும் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. (சீனத்தில் பெண்களும் உதைத்தார்கள் என்ற அரை வசனத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்: சீனத்தில் பெண்களும் உதைத்தார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'ஆடி மாத வெயிலில் ஸ்காபரோவின் அந்தப் பூங்கா பச்சைப் பசேலென்று

பச்சையாகத்தான் இருந்தது. அதைப் பற்றி எழுதுகிற மனநிலையில் நான் இல்லை.

மூன்றாம் தொடக்கம்: 'நிலாணி என்றொரு பெண். அவள் எந்த ஊர் என்பதைத் தீர்மானிக்க இரண்டு ஆண்களுக்கு ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் போதுமாயிருந்தது.'

இது பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

3

நிலாணிக்குப் பதினெட்டு வயது. மோர்னிங்சைட்டில், எங்கள் ஆட்டம் நடக்கிற பூங்கா மைதானத்தில் நின்று பார்த்தால் தெரிகிற அடுக்குமாடி ஒன்றில் வீடு. அவள் கோல்காப்பாளர். சின்ன வயதில், ஆள் போதாமல், பெடியன்கள் அவளைப் பிடித்துக் கோலுக்குள் நிறுத்தினார்கள். பந்து பட்டால் அழுவாள், பிறகு வேறு யாரையாவது மாற்றலாம் என்பது அவர்களுடைய கணக்கு. அவள் அழவுமில்லை, பிறகு அவளை அந்த இடத்திலிருந்து எழுப்ப அவர்களால் முடியவுமில்லை.*

* லண்டனில் 1863இல் எழுதிய முதல் விதிகளில் கோல்காப்பாளர் என்று ஒரு ஆளே கிடையாது. 1871இல்தான் அந்த ஆளுக்கு விதியில் இடம் கிடைத்தது. அதுவரை யாரோ ஒருவர் பின்னால் நின்றிருப்பார், அவருக்குப் பெயரில்லை.

அம்மா நிசாந்தினி யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. வாசிக்கிறவர்கள் தங்கள் ஊரின் பெயரைப் போட்டு வாசிக்கலாம், பொருந்தும். அப்பா கனகசிங்கம் கிழக்கே மட்டக்களப்புப் பக்கம். மிசிசாகா விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற வேலை. இருவரும் இங்கே, ஸ்காபரோவில், ஒரு பேக்கரியின் இரவு வேலையில் சந்தித்தவர்கள். 'யாழ்ப்பாணத்தில பெடியனே கிடைக்கேல்லையோ' என்று அந்தக் காலத்தில் நிசாந்தினியிடம் கேட்டவர்கள் இன்றைக்கும் அவளிடம் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஊர்க் கிண்ணம் என்பது ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. யாழ்ப்பாணத்து ஊர்கள் எல்லாம் பூங்காவில் கூடாரம் அடித்து, கொத்துரொட்டி வாசத்துக்கு நடுவில் ஒன்றையொன்று உதைக்கும் நாள். இதில் ஒரு ஊருக்கு விளையாட வேண்டுமானால் அந்த ஊராக இருக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே விதி ஒன்று வைத்திருக்கிறார்கள்: பிள்ளைக்குத் தகப்பன் ஊர். கலியாணம் கட்டிய பெண்ணுக்குப் புருஷன் ஊர்.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த விதியில் ஒரு வரி கூடியது. அந்த வரி வந்தது மரியோவால்.

மரியோ போர்த்துக்கேயன். இங்கேயே பிறந்தவன். எங்கள் ஊர்ச் சுபாங்கிக்கும் அவனுக்கும் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் நாள் சும்மா பார்க்க வந்தவன், பக்கத்தில் உருண்டுவந்த பந்தை ஒரு தட்டுத் தட்டினான். அந்த ஒரு தட்டிலேயே ஸ்ரீதரன் அங்கிளுக்கு அவனை ஊராக்கிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. எங்கள் ஒன்றியத்தின் அடுத்த கூட்டத்தில் விதி எழுதினார்கள்: ஊர்ப் பெண்ணை மணந்த, அல்லது மணக்க நிச்சயித்த, ஆணும் ஊர்தான். மைதானத்தில் அதைப் பகிடியாக்கினார்கள். யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச போர்த்துக்கேயர் நானூறு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்திட்டினம், இந்தமுறை எங்களுக்குக் கோல் அடிச்சுத் தர எண்டு. எல்லோரும் சிரித்தார்கள். நிலாணியும் சிரித்தாள். அந்த வரியில் 'ஆணும்' என்று ஒரு சொல் இருந்ததை அன்றைக்கு அவள் கவனிக்கவில்லை.

4

[இந்த இடத்தில் வரலாறு வரும். பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் வரலாறு தெரிந்தால் கோபம் இன்னும் நன்றாக வரும்.]

இங்கிலாந்தில் ஆஷ்போர்ன் என்ற ஊரில் ஒரு பழைய ஆட்டம் உண்டு. ஊர் முழுக்க ஆடும். கோலுக்கும் கோலுக்கும் நடுவில் மூன்று மைல். ஊருக்கு நடுவே ஓடுகிற சிற்றாற்றின் வடகரையில் பிறந்தவர்கள் ஒரு பக்கம், தென்கரையில் பிறந்தவர்கள் மறுபக்கம். தகப்பனைக் கேட்பதில்லை. எந்தக் கரையில் பிறந்தாய் என்பதுதான் கேள்வி.

ஸ்கொட்லாந்தில் ஒரு மீன்பிடி ஊரில் கலியாணம் கட்டிய பெண்களும் கட்டாத பெண்களும் வருடத்துக்கு ஒருமுறை மோதினார்கள். கட்டியவர்கள்தான் எப்போதும் வென்றார்கள் என்று இருநூறு வருடத்துக்கும் முந்திய பதிவு சொல்கிறது. (இந்தப் பந்தியையும் வெட்டியிருந்தார்கள். என்ன பயமோ.)

பள்ளிக்கூடங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. ஒரு இடத்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம், இன்னொரு இடத்தில் கூடாது. இரண்டு அணிகள் சந்தித்தால் சண்டை வரும். ஆகவே சிலவேளை முதல் பாதியை ஒருவருடைய விதிப்படியும் மறு பாதியை மற்றவருடைய விதிப்படியும் ஆடினார்கள். 1863இல் லண்டனில் ஒரு மதுக்கடையில் கூடி, ஒரே விதி எழுத உட்கார்ந்தார்கள். பெரிய வாக்குவாதம் எதில் வந்தது தெரியுமா? எதிராளியின் கீழ்க்காலை உதைக்கலாமா கூடாதா என்பதில். உதைக்க விடாவிட்டால் ஆட்டத்தில் ஆண்மை இல்லை என்று ஒரு கழகம் எழுந்து போனது.

இருபது வருடத்துக்குப் பிறகு இன்னொரு தலையிடி. வடக்கு இங்கிலாந்துக் கழகங்கள் ஸ்கொட்லாந்திலிருந்து கெட்டிக்கார ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து, பெயருக்கு ஒரு மில் வேலை கொடுத்து, சொந்த ஊர்க்காரர்கள் போல இறக்கின. 1885இல் விதி வந்தது: சம்பளத்துக்கு ஆடுகிறவன் கிண்ணப் போட்டியில் இறங்குவதென்றால், மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு வருடம் அதற்குள் வசித்திருக்க வேண்டும்.

நூலகத்தில் இதை வாசித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நிலாணி பிறந்த ஆஸ்பத்திரி அந்த மைதானத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். ஸ்ரீதரன் அங்கிள் ஆறு மைலுக்கு அப்பால் ஏஜக்ஸில் பெரிய வீடு வாங்கிப் போய்க் கனகாலம். நூற்றி நாற்பது வருடத்துக்கு முந்திய ஆங்கிலேயக் கனவான்களின் விதிப்படி அவள் ஊர், அவர் வந்தேறி.

இந்த வசனத்தை நான் கட்டுரையில் எழுதியிருக்கக்கூடாது. எழுதினேன்.

5

இந்த வருடம் முதல்முறையாகப் பெண்களுக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். எங்கள் அணிக்குச் சுபாங்கி கப்டன். நான் தண்ணீர்ப் போத்தல் நிரப்புகிற ஆள். காலையில் அரையிறுதி. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிர் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. நிலாணி இடப்பக்கம் பாய்ந்து பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். எழும்பியபோது அவளுடைய முழங்கையில் தோல் இல்லை. அவள் பார்த்தது உணவுக் கூடாரத்தை. அம்மா பார்த்தாளா என்று.

அம்மா பார்க்கவில்லை. நிசாந்தினி விடியற்காலையிலிருந்து அந்தக் கூடாரத்தில் ஒன்றியத்துக்காக ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். சம்பளமில்லை. ரோல்ஸ் பொரிக்கும்போது அவள் ஊர்க்காரி, அதற்கு யாருடைய விதியும் குறுக்கே வரவில்லை.

பின்னேரம் இரண்டு இறுதியாட்டங்கள். பெண்களிலும் ஆண்களிலும் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும்தான். பக்கத்து ஊர்த் தலைவர் யேசுரட்ணம், ஸ்ரீதரன் அங்கிளைத் தேடிக்கொண்டு வந்தார். இருவரும் கூடாரத்துக்குப் பின்னால், சீலைக்கு அந்தப் பக்கம், பிளேன்ரீக் கோப்பையோடு நின்றார்கள். சீலைக்கு இந்தப் பக்கம் நிசாந்தினி நின்றாள். அவள் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

"உங்கட மரியோ எப்பிடி ஊர்?" என்றார் யேசுரட்ணம்.

"மாப்பிள்ளை எல்லோ, அண்ணை."

"கலியாணம் முடிஞ்சுதோ?"

"மார்கழியில."

"அப்ப மார்கழியில விளையாடட்டும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு யேசுரட்ணம் குரலை இறக்கினார். மரியோவைத் தான் பெரிதுபடுத்தப் போவதில்லை என்றார். ஆனால் காலமை பெனால்டி பிடித்தவளைப் பற்றி ஆக்கள் கதைக்கினம், தகப்பன் மட்டக்களப்பாமே என்றார்.

ஸ்ரீதரன் அங்கிள் கோப்பையை ஊதும் சத்தம் கேட்டது.

"நீங்கள் மரியோவை விடுங்கோ," என்றார். "நான் உவளைப் பாக்கிறன்."

அவ்வளவுதான். நான் இதை நீட்டி எழுதிப் பார்த்தேன். இன்னும் கொடூரமாக ஏதாவது சொல்லவைக்கலாமா என்று பார்த்தேன். தேவைப்படவில்லை. ஆண்களின் கிண்ணத்துக்குப் பெண்களின் கோல்காப்பாளரைக் கொடுத்து வாங்கினார்கள், அதைச் செய்யும்போது அவர்களுக்குக் குரல்கூட உயரவில்லை.

6

பாத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம்.

கதை எழுதுகிறவர்கள் கெட்டவனுக்கும் ஒரு நியாயம் கொடுக்க வேண்டும் என்பார்கள். கொடுக்கிறேன். ஸ்ரீதரன் அங்கிள் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு வேலை செய்தார். பெடியன்கள் தெருவில் நின்று கெட்டுப்போகக் கூடாதென்று வாகனத்தில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். கோல் வலையைத் தன் காசில் வாங்கினார். நிலாணிக்குச் சின்ன வயதில் முதல் கையுறையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மழை பெய்தால் கோடு போடும் சுண்ணாம்பைத் தன் கோட்டால் மூடுவார்.

நியாயம் கொடுத்தாயிற்று. இப்போது சொல்கிறேன்: அதனால் என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்நியன் ஒருவன் செய்திருந்தால் பேசாமல் விட்டிருக்கலாம்.

மரியோவைப் பற்றியும் ஒரு சந்தேகம். அவனை நல்லவனாக எழுத விரும்பினேன். அவன் நல்லவன்தான். சுபாங்கி விஷயத்தைச் சொன்னபோது முகம் சிவந்துபோனான். இது சரியில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டுமுறை சொன்னான். பிறகு குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினான். [இந்தக் கடைசி வசனத்தை நான் மூன்றுதரம் வெட்டினேன். மூன்றுதரமும் திரும்ப எழுதினேன்.]

நிலாணி? ஒரு பிரதியில் அவளை அழவைத்தேன். கண்ணீர் வழிந்து கையுறையில் விழுந்தது. மிகவும் நன்றாக வந்திருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். அழுகிற பெண்ணுக்கு எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். உச்சுக் கொட்டுவதை மலரில்கூட அச்சடிப்பார்கள்.

7

பதிவு மேசை ஒரு மேப்பிள் மரத்தின் கீழ் இருந்தது. அணி விபரத்தைக் கொடுக்கச் சுபாங்கி போனபோது, கோல்காப்பாளரின் பெயரை ஸ்ரீதரன் அங்கிள் ஏற்கனவே கோடு போட்டு அடித்திருந்தார். சுபாங்கி நிலாணியைக் கூப்பிட்டாள். நிலாணி கையுறையோடு வந்தாள். பின்னால் அணி முழுக்க வந்தது. அதற்குப் பின்னால், கைகளில் மா அப்பியிருக்க, நிசாந்தினி வந்தாள்.

நிலாணிக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ பெயரில் எழுத்துப் பிழை என்று நினைத்தாள். காயம் பட்ட முழங்கையைப் பார்த்துவிட்டு, விளையாட ஏலாது என்கிறார்கள் என்றும் நினைத்தாள். கையை நீட்டி மடக்கிக் காட்டினாள். ஸ்ரீதரன் அங்கிள் அவளைப் பார்க்காமல் கடதாசியைப் பார்த்துச் சொன்னார். கொமிட்டி எடுத்த முடிவு, விதி எண்டால் எல்லாருக்கும் விதிதான், மட்டக்களப்பு ஆக்களுக்கு ஒரு அணி இருந்தால் அவையளோட அவள் தாராளமாக விளையாடலாம், நான்தான் முதல் கைதட்டுவன்.

சுபாங்கி மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "அங்கிள், மரியோவுக்கு நான் ஊர் குடுத்தனான். அன்ரியால தன்ர பிள்ளைக்குக் குடுக்க ஏலாதோ?"

"உது வேற, பிள்ளை. அவன் மாப்பிள்ளை."

"இவ மகள்."

"மகள் எண்டா தகப்பன் ஊர். உது நான் போட்ட விதியில்லை, எங்கட ஆக்கள் காலங்காலமா வைச்சிருக்கிறது."

கனகசிங்கம் எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. வேலை முடிந்து நேரே வந்திருந்தார். மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. இத்தனை வருடத்தில் எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றிலும் அவர் வாய் திறந்ததில்லை. எப்போதும் கார் பார்க்கிங் பக்கமாக நிற்பார். இப்போது மேசைக்குக் கிட்ட வந்தார்.

"எங்கட பக்கம் புள்ள தாய்ட குடி," என்றார். "கோயில்ல கேட்டாலும் தாய்ட குடியத்தான் சொல்லுவம். இவவ நான் எங்கட ஊருக்குக் கூட்டிப் போனா, இவ உங்கட ஆள் எண்டுதான் அங்க சொல்லுவாங்க. நீங்க எங்கட ஆள் எண்டு சொல்றீங்க. அப்ப இவவ எங்க வைக்கச் சொல்றீங்க?"

மேசையைச் சுற்றி நின்ற ஒருவருக்கும் இது தெரியாது. ஒரே மொழி, ஒரே கடவுள், ஒரே சோறு. இருந்தும் கிழக்கில் குடி என்கிற குலமுறையில் பிள்ளை தாயின் வழி என்பதை இவ்வளவு காலத்தில் ஒருவரும் அவரிடம் கேட்டு அறிந்திருக்கவில்லை. தங்கள் விதிதான் தமிழரின் விதி என்று நினைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து விதி அவளைக் கிழக்குக்குத் தள்ளியது. கிழக்கின் விதி அவளை யாழ்ப்பாணத்துக்குத் தள்ளியது.

நிலாணி அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"அப்ப நான் எவடம், அங்கிள்?"

ஸ்ரீதரன் அங்கிள் சிரிக்கப் பார்த்தார். அவளுடைய தோளில் தட்டினார். "நீங்கள் கனடாப் பிள்ளையள்," என்றார். "உங்களுக்கு என்னத்துக்கு இந்த ஊர்ப் பிரச்சினை?"

8

[முழுதாக வெட்டப்பட்ட மூன்றாம் பக்கம் இங்கிருந்துதான் தொடங்கியது. ஆகவே அப்படியே போடுகிறேன்.]

1881இல் ஸ்கொட்லாந்தில் பெண்கள் இரண்டு அணியாக இறங்கினார்கள். கிளாஸ்கோவில் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பெண்கள் குதிரை வண்டியில் ஏறித் தப்பினார்கள். 1920இல் லிவர்பூலில் பெண்களின் ஆட்டம் ஒன்றைப் பார்க்க ஐம்பதாயிரத்துக்கும் மேலே சனம் வந்தது. அடுத்த வருடமே இங்கிலாந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாதென்று அறிவித்தது. அந்த அறிவித்தல் ஐம்பது வருடம் உயிரோடிருந்தது.

அதற்கும் அடுத்த வருடம், 1922இல், ஒரு இங்கிலாந்துப் பெண்கள் அணி கப்பலில் கனடாவுக்கு வந்தது. இறங்கியபின் சொன்னார்கள்: இங்கே நீங்கள் ஆட முடியாது. கனடாவின் சங்கம் அனுமதிக்கவில்லை. அவர்கள் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போய் ஆண்களின் அணிகளோடு ஆடினார்கள்.

'நீங்கள் கனடாப் பிள்ளையள்' என்று சொன்னவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியட்டும் என்றுதான் எழுதினேன். வாசித்துவிட்டுத்தான் வெட்டியிருக்கிறார். ஆக, இப்போது தெரியும்.

9

முடிவுகள்.

(அ) சுபாங்கி விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். "இந்தாங்கோ. இனி மரியோவும் உங்கட ஊரில்லை." ஸ்ரீதரன் அங்கிளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். யேசுரட்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அடித்த பெயரைத் திரும்ப எழுதுகிறார்கள். நிலாணி கோலுக்குள் ஓடுகிறாள்.

எழுதும்போது எனக்கு இனித்தது. ஆனால் இதில் நிலாணி உள்ளே வருவது அவளுடைய உரிமையால் அல்ல. மரியோ இல்லாமல் தோற்றுவிடுவோம் என்ற பயத்தால். இதுவும் ஒரு வியாபாரம்தான். வேண்டாம்.

(ஆ) யாரோ ஒரு பகிடிக்காரன் சொல்கிறான்: முதல் பாதி யாழ்ப்பாணத்து விதி, இரண்டாம் பாதி மட்டக்களப்பு விதி. எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். முதல் பாதியில் கோலுக்குள் சுபாங்கி நிற்க மூன்று கோல் வாங்குகிறோம். இரண்டாம் பாதியில் நிலாணி இறங்க

இல்லை. பகிடியாக முடித்தால் எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அவர்கள் சாப்பிடப் போவதை நான் விரும்பவில்லை.

(இ) கனகசிங்கம் மகளின் பையைத் தூக்குகிறார். "வா புள்ள, போவம்." மூன்று பேரும் காருக்குப் போகிறார்கள். வீட்டில் நிசாந்தினி கையைக் கழுவுகிறாள். அடுத்த வருடமும் ரோல்ஸ் பொரிக்க வரச்சொல்லி அவளுக்குத் தொலைபேசி வருகிறது. அவளும் போகிறாள்.

வழக்கமாக நடப்பது இதுதான். பிழையில்லாமல் எழுத எனக்குத் தெரியும். எழுதினால் வாசிக்கிறவர்கள் பெருமூச்சு விட்டு, பாவம் என்பார்கள். பாவம் என்ற சொல்லை நான் தாங்கமாட்டேன்.

10

உண்மையில் நடந்ததில் இதுவரை எழுதலாம்.

நிலாணி யாரிடமும் எதுவும் கேட்காமல் மேசையை விட்டு நடந்தாள். மைதானத்துக்குள் போனாள். கோலுக்குள் போய், இரண்டு கம்பத்துக்கும் நடுவில், கோட்டின்மேல் நின்றாள். முழங்கை எரிந்தது. இந்தக் கோட்டில் நிற்கும்போது தனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை என்று அவளுக்கு நினைவு வந்தது. எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று அவளுடைய உடம்புக்குத் தெரியும். வெளியே போனால்தான் ஒன்றும் தெரிவதில்லை.

நடுவர் றோய், வெளியிலிருந்து சம்பளத்துக்கு வந்தவர், அவளிடம் போய், உன் பெயர் பட்டியலில் இல்லை, நீ நின்றால் நான் ஆட்டத்தைத் தொடங்க முடியாது என்று பண்பாகச் சொன்னார்.

"தென் டோன்ற் ஸ்டார்ட்," என்றாள் நிலாணி, அப்படியென்றால் தொடங்காதீர்கள் என்று.

றோய் மேசைப் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். பக்கத்து ஊர்ப் பெண்கள் நடுவட்டத்தில் பந்தோடு நின்றார்கள். ஒருத்தி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். வெயில் சுட்டது. ஆண்களின் ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

ஸ்ரீதரன் அங்கிள் ஒலிவாங்கியை எடுத்தார். அவருக்கு அவசரமில்லை. எங்கள் ஆட்களை அவருக்கு நன்றாகத் தெரியும். மைதான ஓரத்தில் மடிப்புக் கதிரைகளிலும் பாய்களிலும் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். கையில் கொத்துரொட்டித் தட்டு. சிலருடைய தட்டில் நிசாந்தினியின் ரோல்ஸ். உங்கள் மகள்களும் உங்களோடு இருந்தார்கள். அவர்கள் யாருடைய ஊர் என்று அன்றுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

விளக்கம் சொன்னார். விதி, கொமிட்டி, ஒற்றுமை. பிறகு, சபை நாகரிகம் தெரிந்தவர் ஆதலால், ஒரு கேள்வி கேட்டார். பதில் வராது என்ற நிச்சயத்தோடு கேட்டார்.

"ஊர் ஆக்கள் ஆருக்கும் உதில ஆட்சேபனை இருக்கோ? இருந்தா எழும்பிச் சொல்லலாம்."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் அதை எழுதமாட்டேன். நான் எழுதிவிட்டால் அது வரலாறாகிவிடும், முடிந்துபோன விஷயம் என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அங்கே இல்லாதவர்கள் இருந்தால், நீங்களும் ஒரு மடிப்புக் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். இடமிருக்கிறது.

ஒலிவாங்கி இரைகிறது. நிலாணி கையுறையின் பட்டியை இன்னும் ஒருமுறை இறுக்குகிறாள். அவள் தலைவரைப் பார்க்கவில்லை, நடுவரையும் பார்க்கவில்லை. உங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

[                                        ]